எல்லா வாசலிலும் ஒரு பிஸ்கட்

இன்று காலை அங்கன்வாடிக்கு வந்ததும் யாழினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வாயெல்லாம் கிரீம் பிஸ்கட் வாசனை. வீட்டிலிருந்து இங்கே வருவதற்குள் வழி நெடுக உன் மகளுக்குப் பந்தி நடந்திருக்கிறது.

நீ ஊர் நர்ஸாக இருந்தபோது இந்தத் தெருவில் ஒரு பிள்ளை சிப்ஸ் பாக்கெட்டோடு நடமாட முடியுமா? தடுப்பூசிப் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவாய். "கொழுகொழுன்னு இருந்தா ஆரோக்கியம்னு யாரு சொன்னது? மூச்சு வாங்காம ஓடுதான்னு பாருங்க" என்பாய். கடைக்கார வள்ளியக்காவோடு மல்லுக்கட்டி, பிள்ளைகளின் கண்ணெதிரே தொங்கிய பாக்கெட்டுகளை மேல் தட்டுக்கு ஏற்ற வைத்தாய். தாய்மார் கூட்டத்தில் அவித்த கடலையைக் கொடுத்துவிட்டு, தின்று முடிக்கும் வரை யாரையும் எழுந்திருக்க விடமாட்டாய். உன் வாய்க்குப் பயந்துதான் ஊர் திருந்தியது என்று நான் கேலி செய்வேன்.

ஊர் இன்னும் உன் பேச்சைத் தட்டவில்லை. அதுதான் கொடுமை. மற்ற பிள்ளைகள் கேட்டால் வள்ளியக்கா இப்போதும் விரட்டிவிடுகிறாள். நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததிலிருந்து யாழினிக்கு மட்டும் மேல் தட்டிலிருந்து பாக்கெட் இறங்குகிறது.

போன கூட்டத்தில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு எடை கூடிக்கொண்டே போகிறது, நாலு வயதில் படியேற மூச்சு வாங்குகிறது, டாக்டரும் எச்சரித்துவிட்டார், இனி யாரும் எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று. வள்ளியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாயில்லாத புள்ளைக்கு வாயக் கட்டச் சொல்றீங்களே டீச்சர், ஒங்களுக்கு எப்புடி மனசு வருது?" என்றாள்.

யாழினியை வளர்க்கிற உன் நாத்தனாரிடம் போனேன். "நான் கொறச்சுப் போட்டா, ஆத்தா போனதும் புள்ளையப் பட்டினி போடுறான்னு பேசமாட்டாகளா?" என்று கேட்டாள். அவளே துபாயில் இருக்கும் உன் வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டு, போனை என்னிடம் நீட்டினாள். "புள்ள கன்னம் உப்பியிருக்கதப் பாத்தாத்தான் இங்கிட்டு எனக்குத் தூக்கமே வருது டீச்சர்" என்றார். எல்லோரும் நல்லவர்கள். திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்தால் தேவலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் உன்மேல் உள்ள பாசம்தான் சுவராக நிற்கிறது. உன்மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. இவ்வளவு பேருக்கும் பிடித்தவளாக ஏன் இருந்தாய்?

மத்தியானம் மற்ற பிள்ளைகள் வாசலில் ஓடிப்பிடித்து விளையாடின. யாழினி பாதி தூரம் ஓடிப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு பிதுங்கியது. "டீச்சர், பிஸ்கட்" என்று அழ ஆரம்பித்தாள்.

நீ தாய்மார்களிடம் ஓயாமல் சொல்வது காதில் விழுந்தது: "அழுகுற புள்ளைக்கெல்லாம் பசின்னு நெனைக்காதீங்க. மொதல்ல தூக்குங்க."

தூக்கினேன். கொஞ்சம் தேம்பினாள். பிறகு பிஸ்கட்டை மறந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கனம் தாங்கவில்லை, இடுப்பு விட்டுப்போகிறது. ஆனால் இறக்கிவிட்டால் அவள் எந்த வாசலுக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் தூக்கிக்கொண்டே நின்றேன்.