தானாகச் சிறுத்த எழுத்து

இன்று காலையும் எழுத்து சிறுத்துக் கிடந்தது. கணினியைத் திறந்ததும் அதைப் பெரிதாக்குவதுதான் என் முதல் வேலை. பக்கத்தில் உன் பூதக்கண்ணாடி இருக்கிறது. உடைந்த கைப்பிடியில் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றியிருக்கிறாய். அப்படி ஒன்று உன்னிடம் இருந்ததே நீ போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

நம் வாய்க்காலுக்கு முப்பது வருடம் லஸ்கராக இருந்து மதகு திறந்து மூடியவன் நீ. தண்ணீர் குறைந்த வருடத்தில் எந்த மதகை எத்தனை நாள் மூடினால் கடைமடை வரைக்கும் ஈரம் போய்ச் சேரும் என்ற கணக்கு உன் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. "எழுதி வையிய்யா. நீ போயிட்டா எங்க வயலுக்கு யாரு வந்து சொல்லுவா?" என்று நச்சரித்தவன் நான். என் வயல் கடைமடை. அவசரம் எனக்குத்தான்.

பேனா பிடித்தால் உன் கை நடுங்கியது. அதனால் என் பழைய கணினியைக் குடவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் உன் வீட்டில் வைத்தேன். அறுபது வயதுக்கு மேல், யாரிடமும் போய் நிற்காமல், நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்ட கணினி அது. புரை விழுந்த உன் கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். நீ சிரித்தாய்.

"என்ன மாப்ளே, எலெக்‌ஷனுக்குச் செவுத்துல எழுதுன மாதிரி இருக்கு!"

"ஒன் கண்ணுக்கு அதான் சரி. வச்சது வச்சபடி இருக்கும். நீ கைய வச்சுக் கெடுத்துடாத."

தலைமதகில் தொடங்கி வரிசையாக எழுதிக்கொண்டு வந்தாய். ஆடியில் ஒரு நாள் போன் செய்தாய்.

"எழுத்து சின்னதாத் தெரியுது மாப்ளே. நேத்து நல்லாத்தான் இருந்துச்சு."

"மெஷின் தானா மாறாதுய்யா. ஒன் கண்ணுதான் மாறுது. போயி டாக்டரப் பாரு."

"அப்படித்தான் இருக்கும். நீ சொன்னா சரிதான்" என்றாய்.

அடுத்த வாரம் மறுபடி அதையே சொன்னாய். "எழுத சோம்பல்பட்டுக்கிட்டு சாக்கு சொல்லாத. முடிக்கிற வரைக்கும் ஒன் வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். சொன்னபடியே ஏறவில்லை. பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு நீ போனில் மழையைப் பற்றி மட்டுமே பேசினாய்.

மார்கழியில் போய்விட்டாய். காரியம் முடிந்ததும் உன் மகள் கணினியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இந்தாங்க மாமா, ஒங்க மெஷின். அப்பா இந்தக் கண்ணாடிய வச்சித்தான் ஒவ்வொரு எழுத்தாப் பாத்தாங்க. மாமாகிட்டச் சொல்லவான்னு கேட்டேன். வேணாம், அவன் மெஷினக் குறை சொன்னா கோவிச்சுக்குவான், என் கண்ணு போயிடுச்சு, அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க."

வீட்டில் திறந்து பார்த்தேன். எழுத்து கடுகுபோல் கிடந்தது. பெரிதாக்கினேன். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் பழையபடி கடுகு. ஒரு அறிவிப்பு இல்லை, எச்சரிக்கை இல்லை. தட்டெழுதும் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்போதெல்லாம் நாம் வைத்ததை எடுத்து எறிந்துவிடுகிறது. எனக்கென்று வைத்திருக்கும் புதுக் கணினியில் நான் எதையும் மாற்றி வைத்ததில்லை. அதனால் எனக்கு அது தெரியவே இல்லை.

அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். "தெரிந்த குறைதான், அடுத்த பதிப்பில் சரிசெய்யப்படும், சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. சிரமம் யாருக்கு என்று திருப்பி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. அடுத்த பதிப்பும் இன்னும் வரவில்லை. நான் அவர்களை விடப்போவதில்லை, மாதம் ஒரு கடிதம் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் 'உன் கண்' என்று சொன்னது அவர்கள் இல்லை.

இந்த வருடம் ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். நீ எழுதியதை அச்செடுத்து ஊர்க்கூட்டத்தில் வைத்தேன். பதினோராவது மதகு வரைக்கும் யாரும் மறுத்துப் பேசவில்லை. "லஸ்கர் சொன்னா சரிதான்" என்றார்கள். பிறகு மேல்மடைக்காரர் ஒருவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பெரியவரே, ஒங்க மதகு இதுல எங்க இருக்கு?"

வாயால் சொன்னேன். "எழுத்துல இருக்கான்னு கேட்டேன்" என்றார். என் மதகு பதினான்காவது. எழுத்தில் இல்லாத மதகுகளுக்கு முறை ஒதுக்கவில்லை. கதிர் வரும் நேரத்தில் என் சம்பா காய்ந்தது. என்னோடு சேர்ந்து கடைமடை மொத்தமும் காய்ந்தது.

எனக்கு இவ்வளவு பெரிய எழுத்து தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் உன் அளவுக்கே வைக்கிறேன். 'பன்னிரண்டாவது மதகு' என்று தட்டிவிட்டு நீ நிறுத்திய வரி திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குக் கீழே நான் எதுவும் சேர்க்கவில்லை, அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைக்கிறேன். நாளைக்குச் சிறுத்திருந்தால், மறுபடி பெரிதாக்குவேன்.