படத்துக்கு அவர் சொன்ன தமிழ்

வியாழன், 9

காலையிலேயே புழுக்கம். அனல்மின் நிலையப் பக்கக் காற்று. கொடியில் போட்ட வெள்ளைத் துண்டு சாம்பல் நிறம். திரும்ப அலசினேன்.

ஞாயிறு குடியிருப்போர் சங்க அறையில் படம். வாசலில் ஒட்டியிருக்கிறார்கள்: ‘உலகைப் பார்க்கும் கண்ணை மாற்றும் உன்னதப் படங்கள்’. ஏழெட்டு ரிட்டயர்டு ஆண்கள், அவரவர் வீட்டுப் பெண்கள், ஒரு புரொஜெக்டர், மிக்சர். எந்தக் கண்ணும் மாறியதாகத் தெரியவில்லை. உதாரணத்துக்கு நம் வீட்டுக்காரர். போன மாதம் பட்டினி பற்றிய படம். நெஞ்சு கனத்து வீடு வந்தவர், சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார்.

மகள் கலை கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்து மூன்றாவது வாரம். மாப்பிள்ளை இரண்டு முறை கை நீட்டியிருக்கிறான். அவள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். ‘ஸ்டீல் கம்பெனி ஷிப்ட் டென்ஷன். அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போவணும். திங்கக்கிழமை வந்து கூட்டிக்கினு போவச் சொல்லிட்டேன்.’ என்னைக் கேட்கவில்லை. கலையையும்.

வெள்ளி, 10

காலை முழுக்க கரண்ட் இல்லை. மின் நிலையத்தின் காலடியில் இருந்துகொண்டு!

வாங்க: பெருங்காயம், தலைவலித் தைலம், பல்பு.

‘அம்மா, போகணுமா?’ என்றாள் கலை. ‘நீ சொல்லு,’ என்றேன். டீச்சராக இருந்தபோது வகுப்பிலும் அப்படித்தான். நான் சொன்னால் அது என் விடை. கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தாள். பிறகு, ‘போக இஷ்டமில்ல. அப்பாகிட்ட சொல்ல பயமா இருக்கு.’

ஞாயிறு, 12

படம். வெளிநாடு, கறுப்பு வெள்ளை. கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடும். லேடீஸுக்குப் புரியாதாம், அவர் மைக்கில் தமிழில் சொல்வார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவள் மூன்றாவது வரிசையில். யாரும் கேட்டதில்லை.

கதை: ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி. அடிபடுகிறாள். கடைசியில் ரயிலேறுகிறாள். பிளாட்பாரத்தில் புருஷன் கெஞ்சுகிறான். கீழே எழுத்து: இனி வரமாட்டேன். அவர் மைக்கில், குரல் தழுதழுக்க: ‘கோபம் தீர்ந்ததும் வந்துடுறேன்.’

என் பக்கத்தில் எதிர்வீட்டு ரத்னா, பழவேற்காட்டுக்காரி. ‘அப்பாடா, ஊட்டுக்கு வந்துடுவா.’

மறுபக்கத்தில் கலையும் எழுத்தைப் படித்துவிட்டாள். என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

எழுந்தேன். ‘வரமாட்டேன்னு சொல்றா. தப்பா சொல்றீங்க.’

சங்கத் தலைவர்: ‘டீச்சர், படம் ஓடிக்கினு இருக்குது. ப்ளீஸ்.’

ரத்னா: ‘இன்னா சார், இம்மாந்நேரம் நீ சொன்னது அத்தினியும் டூப்பா?’ ஒரே சிரிப்பு.

வரும் வழியில் அவர்: ‘நம்ம ஜனங்களுக்குத் தக்கபடி சொன்னேன். அர்த்தம் ஒண்ணுதான்.’ கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வெள்ளைக்காரிக்காக. பாடம் கேட்டு விசும்பிய பிள்ளைகள் பரீட்சையில் வெறும் தாள் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களாவது பிள்ளைகள்.

திங்கள், 13

மேகமூட்டம். மாப்பிள்ளை வந்தான், ஆப்பிள் பையோடு. இவர் ‘வாங்க, வாங்க’. மனசில்லாமல் காபி போட்டேன்.

‘கிளம்பலாமா?’ என்றான், இவரைப் பார்த்து. கலையைப் பார்த்து அல்ல.

கலை அறை வாசலில் நின்றாள். ‘நான் வரல.’ மெதுவாகத்தான். ஆனாலும் கேட்டது.

இவர் சிரித்தார். ‘அவ இன்னா சொல்றான்னா மாப்ளே, ரெண்டு நாள் கழிச்சு...’

‘அவ தமிழ்லதான் சொன்னா,’ என்றேன். ‘நீங்க சும்மா இருங்க.’

மாப்பிள்ளை இவரைப் பார்த்தான். இவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையை. மாப்பிள்ளை காபியைத் தொடாமல் எழுந்து காருக்குப் போனான்.

கார் தெருமுனை திரும்பும்வரை கலை உட்காரவில்லை. பிறகு, ‘மத்தியானத்துக்கு என்னம்மா?’ என்றாள். கத்தரிக்காய்.