மாதக் கடைசி மாலைகள்

ஜனவரி 29, வியாழன்

மாதக் கடைசி வருகைக் கணக்கு வேலையை இன்றுதான் ஆரம்பித்தேன். இன்றே முடித்தும்விட்டேன்.

எழுதிப் பார்த்தும் நம்ப முடியவில்லை. டிசைன் செக்‌ஷன் விக்ரம் போன வாரம் எக்செலில் பார்முலா போட்டுக் கொடுத்தான். பஞ்சிங் மெஷின் லிஸ்டை அப்படியே ஒட்டினால் போதும். யார் எந்த ஷிப்ட், யார் லேட், யாருக்கு எவ்வளவு ஓவர்டைம், எல்லாம் தானாக வந்து விழுகிறது. மானிட்டரில் ஸ்கேலை வைத்து வரிவரியாகப் பார்த்து, மூன்று நாள் எட்டு மணி வரை உட்கார்ந்து நான் செய்த வேலை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சந்தேகப்பட்டு சில பேருடையதைக் கையாலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் தப்பு இருந்தது. நான் போட்டதில்.

மேனேஜர் சத்தியராஜ் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் கேன்டீன் கணக்கையும் என் தலையில் கட்டுவார்.

வீட்டிலும் சொல்லவில்லை. அது ஏன்?

ஜனவரி 30, வெள்ளி

ஐந்தரைக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசலில், நான் வீட்டுக்குப் போகும் குமணன்சாவடி பஸ் நின்றது. ஏறவில்லை.

ஹில்டா அக்காவிடம் காலையிலேயே "க்ளோசிங், மாசக் கணக்கு முடிக்கணும்" என்று சொல்லியாயிற்று. என் வீட்டுக்காரர் ஜெர்வினின் அக்கா. ஜெர்வினுக்குப் பூந்தமல்லி மொபைல் கடையில் ராத்திரி வரை வேலை. அதனால் மாதக் கடைசி மூன்று நாளும் மகள் ஜெபாவை க்ரஷ்ஷிலிருந்து கூட்டி வருவது, சோறு ஊட்டுவது, நான் வரும்வரை கூட இருப்பது எல்லாம் அவர்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போனேன். திருவள்ளூர் வரை டிக்கெட் எடுத்தேன். லேடீஸ் பெட்டி, ஜன்னல் ஓரம். மிளகாய்த்தூள் போட்ட கொய்யா வாங்கித் தின்றேன். ஆவடி தாண்டியதும் கூட்டம் குறைந்தது. ஒரு வேலையும் இல்லை, யாரும் கூப்பிடவில்லை. திருவள்ளூரில் இறங்கி அடுத்த ரயிலில் திரும்பினேன்.

எத்தனை வருஷம் ஆயிற்று இப்படி உட்கார்ந்து.

வீட்டுக்கு வந்தபோது ஹில்டா அக்கா ரசத்தைச் சூடுபண்ணி வைத்திருந்தார். "மூஞ்சியே வாடிப்போச்சு பாரு. போய் உக்காரு, நான் போட்டுக் குடுக்குறேன்." சாப்பிட்டேன். பசி இல்லை, கொய்யா தின்றிருந்தேனே.

பிப்ரவரி 22, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஹில்டா அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய வெள்ளியன்று தனிக்குரலில் பாடும் பாட்டு அவருக்குத்தானாம். இத்தனை வருஷம் பின்வரிசையில் கூட்டத்தோடு பாடியவர். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவருக்கு மெடிக்கல் ஷாப் வேலையும் பாட்டுக்குழுவும்தான் உலகம். கை ஜில்லென்று இருந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

மறுபடியும் போனேன். தவக்காலத்துக்குக் கறியை விட்டாயிற்று. பொய்யை விட முடியவில்லை.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பாட்டுக்குழுவில் ஒரு கண்டிப்பு உண்டு. புனித வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் கடைசிப் பயிற்சிக்கு வராதவர் தனிக்குரல் பாட முடியாது. யாராக இருந்தாலும் கிருபாகரன் மாஸ்டர் விடமாட்டார். சின்னப் பிள்ளைகளையும் உள்ளே சேர்க்கமாட்டார்.

இருபத்தொன்பது ஞாயிறாகப் போனதால், இந்த மாதம் அந்த மூன்று நாளும்தான் எனக்கு க்ளோசிங்.

ஹில்டா அக்கா குருத்தோலையில் சிலுவை பின்னிக்கொண்டே கேட்டார். "உன்னால ஒரு நாளாச்சும் சீக்கிரம் வர முடியுமா? முடியலன்னா உடு. நான் மாஸ்டராண்ட பேசிக்கிறேன்."

வருகிறேன் அக்கா, மூன்று நாளும் வருகிறேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் எப்படி என்று கேட்பார். பார்முலா என்பேன். எப்போதிலிருந்து என்பார்.

"பாக்குறேன்க்கா" என்றேன்.

மார்ச் 30, திங்கள்

மதியமே வேலை முடிந்துவிட்டது. ஐந்தரைக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். இன்றைக்கு மட்டும் சீக்கிரம் போனால் நாளைக்கு என்ன சொல்வது? இரண்டு பஸ்ஸை விட்டேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

சே, என்ன பொம்பள நான்.

மார்ச் 31, செவ்வாய்

இன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று ஐந்தரைக்கே பஸ் ஏறினேன். ஆறேகாலுக்கு வீட்டில் இருந்தேன். ஹில்டா அக்கா ஜெபாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வந்துட்டியா? நல்லது. மொத நாளே வரலன்னு மாஸ்டர் நேத்தே அந்தப் பாட்ட வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாரு. ராஜசேகரன் சார் பொண்ணு. நல்லாதான் பாடும்."

பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றேன். "இன்னா நிக்குற, கை கால் கழுவு" என்றார்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

அந்தப் பெண் நன்றாகத்தான் பாடியது. நான் பின்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹில்டா அக்காவின் உதடு ஒவ்வொரு வரிக்கும் அசைந்தது. சத்தம் வரவில்லை. முழுப் பாட்டும் மனப்பாடம்.

சிலுவை முத்தம் செய்ய வரிசையில் நின்றவள், பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

சொல்லிவிட்டேன். ஈஸ்டர் பாத்திரங்களை இருவரும் தேய்த்துக்கொண்டிருந்தோம். பார்முலா, ஜனவரி, ரயில், கொய்யா, மார்ச் முப்பது, ஒன்றையும் மறைக்கவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னேன். அதுவும் எனக்கு அசிங்கமாக இருந்தது. அழ வேண்டியவர் அவர்.

"திருவள்ளூர்ல யாரு கீறா?"

"யாரும் இல்லக்கா."

"அப்பறம் இன்னாத்துக்குப் போன?"

"சும்மா உக்காந்திருப்பேன்."

"சும்மாவா" என்றார். கையைத் துடைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பாத்திரம் பாதி கிடந்தது.

ஜெர்வினிடமும் சொன்னேன். "ஆபீஸ்ல யாருக்கும் சொல்லிடாத" என்றார். இவரை என்ன செய்வது.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசையில் பார்த்தார், சிரித்தார். ஜெபாவுக்கு மிட்டாய் கொடுத்தார். வீட்டுக்கு வரவில்லை.

ஏப்ரல் 29, புதன்

லிஸ்டை ஒட்டினேன், முடிந்தது. ஐந்தரை பஸ்ஸில் நேராக வந்து ஜெபாவை நானே கூட்டி வந்தேன். ஹில்டா அக்கா நிம்மதியாகப் பயிற்சிக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்குக் கிருபாகரன் மாஸ்டர் போன். "மே மாச மாதா வணக்கத்துக்குப் புதுப் பாட்டு பழகுறோம்மா. ஹில்டா வரலியே, அங்கதான் கீறாளா?"

இல்லை. மெடிக்கல் ஷாப்பில் ஐந்துக்கே கிளம்பிவிட்டாராம். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஜெபாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்தேன்.

எட்டு மணிக்கு மேல் வந்தார். தலை காற்றில் கலைந்திருந்தது. உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடியே ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். கொய்யா. கீறி மிளகாய்த்தூள் போட்டது.

"ஜன்னலாண்டயே எடம் கெடச்சுது" என்றார்.

வாங்கிக்கொண்டேன். உள்ளே வாங்கக்கா என்றேன்.

"நேரமாச்சு. நாளிக்கும் எனக்கு க்ளோசிங் கீது. கொழந்தைய நீ பாத்துக்க."