முத்திரை இல்லாமல் திரும்பிய நெல்

வெண்குன்ற நாடாளும் கோவேள் பெருமானின் கொற்றம் ஓங்குக. அவர்தம் திருவடி நிழலில் அறம் காக்கும் தலைமை அமைச்சர் ஆதன் நக்கனார் சமூகத்துக்கு, கடல் கடந்த சுறாத்தீவின் படைக்களஞ்சியக் காவலன் பெருஞ்சாத்தன் நிலந்தோய வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மதிலும் மாடமும் குடிகளும் நலமாக இருக்கட்டும். இங்கு நலமே என்று அடியேன் எழுதப் போவதில்லை.

இத்தீவின் படைத்தலைவர் கீரன் எயினனார் ஆவணித் திங்களில் காய்ச்சல் கண்டு இறந்தார். இறந்த தலைவரின் முத்திரை மோதிரத்தைச் சிதையருகே நசுக்கிவிட வேண்டும், புதியது தலைநகரிலிருந்தே வர வேண்டும் என்பது நம் முறை. முறை தவறாதவன் என்று பெயரெடுத்த நானே சம்மட்டி எடுத்து அதை நசுக்கினேன். நெல் வரும்போது அது வேண்டுமே என்று அறிவுகெட்ட எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவர் இறந்தபின் முதல் நாவாய் நேற்றுத்தான் வந்தது, முந்நூறு மூட்டை நெல்லோடு. பெற்றுக்கொண்டதாக முத்திரையிட்ட ஓலை தராமல் ஒரு மூட்டை இறங்கினாலும் தன் தலை போகும் என்றான் நாவாய்த் தலைவன் தித்தன். அவனை நோவதற்கில்லை, சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாவாயைக் கைப்பற்றுவோம் என்று கொதித்த நாற்பது வீரரையும், அரசரின் கலத்தில் கைவைத்தால் ஊரிலுள்ள உங்கள் பெண்டு பிள்ளைகள் சிறைப்படுவர் என்று சொல்லித் தடுத்தேன். மீனவர் தலைவன் சங்குவேலன் மட்டும், "நெல்லு கண்ணு முன்னால கெடக்குங்கய்யா. மோதிரமா சோறு திங்கப்போவுது?" என்றான்.

களஞ்சியத்தில் பதினோரு நாளுக்கே அரிசி உண்டு. கடல் பொங்கிவிட்டது, நாவாய் தாங்கும் அலையைத் தோணி தாங்காது. மீனவர் வலையைக் கரையேற்றிப் பத்து நாளாகிறது, கருவாடும் தீர்ந்தது. அடுத்த நாவாய் தை பிறந்த பின்னரே வரும். குழந்தைகளையும் சேர்த்து இங்கே இருநூறு உயிர்கள். எனக்குப் பயமாயிருக்கிறது.

இந்த ஓலை அதே நாவாயில், அதே நெல்லோடு வருகிறது. இதிலும் முத்திரை இல்லை. முத்திரையற்ற ஓலையைப் பிரிக்காமல் கோட்டை வாயிலில் எரிப்பதும் நம் முறையே. ஆதலால் நெல் அனுப்புக என்று வேண்டேன். தாங்கள் இதைப் படிக்கிறீர்களென்றால், வாயிற்காவலன் எவனோ முறையை மீறியிருக்கிறான். அவனைத் தண்டிக்காதிருக்க ஆணையிடுக. அப்படியொருவன் என் இடத்தில் இருந்திருந்தால் இத்தீவு பிழைத்திருக்கும்.

இவை பெருஞ்சாத்தன் எழுத்து.