நெஞ்சு வலி என்றுதான் சொன்னோம்

என் செல்லத் தம்பி சுதன்,

வீட்டில் இப்போது நான் மட்டும்தான். வேலை முடிந்து வந்தால் கதைக்க ஆளில்லாமல் துறைமுகப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்புகிறேன். அம்மா கிளிவெட்டியில், சின்னம்மா வீட்டில். என்னோடு கோபம். ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ போனபோது ஊருக்கெல்லாம் நெஞ்சு வலி என்றுதான் சொன்னோம். கடலில், படகுக்குள் விழுந்தாய். கரைக்குக் கொண்டுவருமுன் உயிர் போய்விட்டது. அது பொய்யில்லை. இருபத்தாறு வயது நெஞ்சு ஏன் நின்றது என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

பல நாள் கடலில் நின்று மீன்பிடிக்கும் படகில் போகத் தொடங்கிய காலத்தில்தான் அது உன்னிடம் வந்தது. வலை இழுக்கும்போது நித்திரை வராமலிருக்கக் கூட வந்தவன் தந்தானாம். நீயே பிறகு சொன்னாய். 'ஐஸ்' என்ற அந்தப் போதைப்பொருளின் பெயரை முதலில் கேள்விப்பட்டபோது, மீனுக்குப் போடும் ஐஸைத்தான் சொல்கிறார்கள் என்று அம்மா நினைத்தவ.

பிறகு கரைக்கு வந்தாலும் உனக்கு நித்திரை இல்லை. சோறு இறங்கவில்லை. பல் உடைந்து விழுந்தது. சுவருக்குப் பின்னால் ஆரோ நின்று கதைக்கிறார்கள் என்று யன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தாய். நான் வைத்த கறியை, முதலில் நீ தின் என்று என் பக்கம் தள்ளினாய். தின்று காட்டினேன். அப்போதும் நீ நம்பவில்லை. என் தம்பியின் கண்ணுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது யார்?

ஆஸ்பத்திரிக்கு நீயாகவே வந்தாய். தேறினாய். உடம்பு வைத்தது. சந்தையில் மீன் வெட்டும் வேலைக்குப் போனாய். பழைய படகில் ஆள் தேவை என்று கூப்பிட்டபோது, "இந்த ஒருமுறைதான் அக்கா, அதைத் தொடமாட்டன்" என்றாய். நீ பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த முறை திரும்பவும் அதைத் தொட்டுத்தான் படகுக்குள் விழுந்தாய்.

போன மாதம் பக்கத்து ஒழுங்கை பரீதா ராத்தா வந்தவ. அவவின் மகன் ரிஸ்வானும் படகுக்குப் போகிறவன். அவனுக்கும் நித்திரை இல்லையாம், யாரையும் அறைக்குள் விடுகிறானில்லையாம். கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டவ: "உங்கட தம்பிக்கும் இப்பிடித்தானே தொடங்கினது?"

ஓம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

குசினிக்குள் இருந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. ராத்தா போனதும், "செத்த பிள்ளையின்ர மானத்தையும் ஊருக்குக் குடுத்திட்டாய்" என்றா. அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டா.

ரிஸ்வானை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தேறுவானா, தேறினாலும் திரும்பப் போகாமல் இருப்பானா, யாருக்குத் தெரியும்? நேற்றுப் பார்க்கப் போனேன். மெலிந்துபோய்ப் படுத்திருந்தான். "சுதன் அண்ணனும் இஞ்சயா இருந்தவர்?" என்று கேட்டான். உன் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம்! வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளிவெட்டிக்குப் போகிறேன். அம்மா கதைக்காவிட்டாலும் பக்கத்தில் இருப்பேன். உன்னை ஒளித்துவைக்க இனி என்னால் ஏலாது, தம்பி. கேட்கிறவர்களுக்கு உள்ளதைச் சொல்லுவேன். ஆனால் போதைக்காரன் என்ற ஒரு சொல்லோடு உன் கதையை முடிக்க யாரையும் விடமாட்டேன். அம்மாவையும் தனிய விடமாட்டேன்.

உன்னோடு கூடப்பிறந்த ஒரே அக்கா,
வாசுகி