நிற்காமல் போன பஸ்

இன்று காலை தெருமுனையில் துணி தேய்ப்பவர், பெட்டியிலிருந்த நெருப்பைத் தரையில் கொட்டித் தண்ணீர் தெளித்தார். ஈரக் கரியின் வாசனை குப்பென்று எழுந்தது. நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, மயக்கமா அப்பா என்று கேட்டாள். உன் நினைவு வந்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவன் நீ.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு கரி அடுப்பைப் பொருத்தி, அதன் வாயுவில் ஓட்டினோம். பெரம்பலூருக்கும் அரியலூர் ரயிலடிக்கும் நடுவே ஓடியது அந்த ஒரே பஸ்தான். நான் டிரைவர். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ, ஜில்லா போர்டு ஆபீஸில் சாலை வேலைகளைப் பார்க்கும் ஓவர்சியர்.

ஆள் நிறைந்தால்தான் அப்போது பஸ் கிளம்பும். ரயிலைத் தவறவிட்டவர்கள் அரியலூர் பிளாட்பாரத்திலேயே படுத்துக் கிடப்பார்கள். உனக்கு அது பொறுக்கவில்லை. "ரயிலு நம்ம ஊருக்கு வராது. நாமதான் அதுக்கு நேரத்துல போவணும்" என்பாய். பழுப்புக் காகிதத்தில் பெரம்பலூரை நீ புதிதாக வரைந்து காட்டியது நினைவிருக்கிறது. பஸ்ஸுக்கு ஓரிடம், மாட்டுவண்டிக்கு ஓரிடம், நடுவில் வேப்பமரங்கள், பஸ் திரும்பும் அளவுக்கு அகலமான தெரு. அதில் பாதியைக்கூட போர்டில் செய்ய விடவில்லை. ஆனால் பஸ் முதலாளியோடு மல்லுக்கட்டி, ரயில் நேரத்துக்கு பஸ்ஸைக் கிளம்ப வைத்தாய். வழியெங்கும் நிறுத்தம் குறித்து, சுண்ணாம்பு அடித்த கல் நட்டாய்.

அதில் ஒரு கல்தான் வம்பாகிவிட்டது. கரிசல் காட்டுக்கு நடுவே வண்டிப்பாதை பிரிகிற இடம். சுற்றியிருந்த குடியிருப்புகளிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி நடந்து வரக்கூடிய தூரம் என்று பார்த்துத்தான் நட்டாய். ஆனால் அங்கே ஒரு காலத்தில் ஒரு சிற்றூர் இருந்தது. காலராவில் காலியாகி, சுவரெல்லாம் கரைந்து மேடாகிக் கிடந்தது. அந்தக் கல்லருகே ஒருவரும் வந்து நிற்கவில்லை. அடுத்த ஊர்வரை வெயிலில் நடந்தாலும் நடந்தார்களே தவிர, அங்கே ஏறவில்லை. நான் நிறுத்தினால் பஸ்ஸுக்குள் பேச்சு அடங்கிவிடும். சக்கரம் நிற்கும் முன்பே கண்டக்டர் விசில் ஊதுவார்.

அதிகாரி ஒருவர் நிற்பதைப் பார்த்தால் மற்றவர்களுக்கும் பயம் தெளியும் என்று ஒரு நாள் நீயே அங்கே இறங்கினாய். அரியலூர் போய்த் திரும்பும்போது ஏற்றிக்கொள்ளச் சொன்னாய். அன்று ரயில் தாமதம். நான் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கல்லின் மேல் கைவைத்தபடி நின்றிருந்தாய். ஏறியதும் என் பின்னால் வந்து உட்கார்ந்து, கோபமாகக் கேட்டாய்.

"ஏன்டா மொதல்ல நிக்காமப் போன?"

இப்போதுதான் அரியலூரிலிருந்து வருகிறேன் என்றேன். நம்பாமல் கண்டக்டரைப் பார்த்தாய். அவரும் அதையே சொன்னார்.

பெரம்பலூரில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் சொன்னாய். நிறைய ஆட்களோடு பஸ் வந்ததாம். நீ கைகாட்டினாயாம். சத்தமில்லை, கரி வாசனை இல்லை, பின்னால் புழுதிகூடக் கிளம்பவில்லை. மடியில் மூட்டையும் பிள்ளைகளுமாகப் பெண்கள். ஒருவரும் உன் பக்கம் திரும்பவில்லை. நான் என்னென்னவோ கேட்டேன். "நம்ம வண்டிதான்டா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

கல்லைப் பிடுங்கிவிடுவாய் என்று நினைத்தேன். நீயோ அந்தச் சிற்றூரைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாய். பஸ்ஸில் வழக்கமாக வரும் ஒரு பருத்திக்காரர், தன் அப்பா காலத்துக் கதை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நோய் கண்டதும் மிச்சமிருந்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு, சிறுவாச்சூர்ப் பக்கமிருந்த சொந்தக்காரர்களைத் தேடிக் கிளம்பினார்களாம். வழியில் ஊருக்கு ஊர் கம்போடு நின்று விரட்டியிருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை. "எங்கயும் நிக்க வுடலீங்க. அப்பறம் அவங்கள யாரும் பாக்கல" என்றார்.

அவர் இறங்கிப் போகும்வரை பார்த்திருந்தாய். பிறகு, "அப்ப அந்தக் கல்லு அங்கதான்டா இருக்கணும்" என்றாய்.

போர்டில் சிரித்தார்கள். யாரும் ஏறாத இடத்துக்குக் கொட்டகை எதற்கு என்று கேட்டார்கள். நீ விடவில்லை. ஓடு வேய்ந்த கொட்டகையும் ஒரு கிணறும் அங்கே வந்தன. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் நின்றுதான் போனேன். ஒரு நாள் காலையில் கொட்டகையில் கயிற்றுக்கட்டில் ஒன்று கிடந்தது. பிரசவ வலியில் துடித்த மனைவியைத் தூக்கிக்கொண்டு, அதைவிட்டால் வேறு வழியில்லாமல் ஒருவன் வந்திருந்தான். அரியலூர் ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஓவர்சியர் கொட்டாய் என்றே அந்த இடத்துக்குப் பெயராகிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் அதே ஆஸ்பத்திரியில் விஷக் காய்ச்சலோடு நீ படுத்திருந்தாய். ஒவ்வொரு நடை முடிந்ததும் வந்து பார்ப்பேன். கடைசியாகப் பார்த்த சாயங்காலம் தெளிவாக இருந்தாய். கொட்டாயில் யாராவது ஏறினார்களா என்று கேட்டாய். நிறையப் பேர் என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். கை சுட்டது.

"அன்னைக்கு எல்லாத்தையும் கேட்ட. ஓட்டிட்டு வந்தது யாருன்னு மட்டும் கேக்கவேயில்லியே."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு நீயே, "வேணாம். கேக்காத" என்று கையை விட்டாய். மறுநாள் முதல் நடை எடுக்கும் முன்பே தகவல் வந்துவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே சாலையில் ஓட்டினேன். இன்றைக்கும் நீ சொல்லாமல் விட்ட அந்தப் பெயர் என்னோடுதான் இருக்கிறது. எழுந்ததும் அதுதான் நினைவு, படுக்கும்போதும் அதுதான். எனக்கும் வயதாகிவிட்டது, போகிற நேரம் தூரத்தில் இல்லை. ஒன்று மட்டும் முடிவு செய்து வைத்திருக்கிறேன். அந்த வண்டியை ஓட்டுவது நான்தான் என்றால், நீ கைகாட்டும்போது நிறுத்துவேன். உள்ளே இருப்பவர்களையும் இறங்கச் சொல்வேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, குடித்துவிட்டுப் போகலாம்.