மார்ச்சில் இல்லாத தழும்பு

ஜனவரி 12, ஞாயிறு

எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. ஒரு வரி மலை ஏறுகிறது, அடுத்த வரி இறங்குகிறது. மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இந்தக் கொப்பியை வாசிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான். சரி, என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். எழுபத்தொரு வயதில் பேனா பிடித்த கை. சாக்கு தூக்கிப் பழகியதால் அழுத்தி எழுதி, தாளின் மறுபக்கத்திலும் பள்ளம் விழுகிறது.

தினமும் எழுதச் சொன்னவர் பாயிஸா டீச்சர். பள்ளிக்கூடத்தில் கொமர்ஸ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கண்டி மகியாவ சனசமூக நிலையத்தில் ஞாயிறுதோறும் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். பிழை வந்தால் வரட்டும், எனக்குக் காட்டவும் தேவையில்லை என்றார்.

என் பெயர் பழனியாண்டி. எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பழனியாண்டி. பழனியாண்டி.

ஜனவரி 15

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸின் பலகையை வாசித்தேன். இருபத்தொன்பது வருடம் ஆளைக் கேட்டு ஏறிய பஸ். இன்று ஒருவரையும் கேட்கவில்லை. போக வேலை இல்லாததால் ஏறவும் இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பேத்திக்குக் கதை வாசித்துக் காட்டத்தான் நான் படிக்கிறேன் என்று மகள் கமலம் ஊரெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். நான் படித்தது ஸ்ரீதரனுக்காக.

இதை எழுதி வைக்க வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் தேயிலை பொதி செய்யும் கம்பனியில் நான் ஸ்டோர்காரன். ஸ்ரீதரன் அங்கே கணக்காளர். 2023 மே மாதம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சாக்கு தைக்கும் மெஷினின் ஊசி என் இடது பெருவிரலில் இறங்கி ஆறிய நேரம். விரலுக்கு நட்டஈடு எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார். “விரல வை பழனி” என்றார். வைத்தேன். நன்றி வேறு சொன்னேன்.

அடுத்த கிழமை நான் கள்ளன். ஆயிரத்து இருநூறு கிலோ தேயிலையை நான்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தினேனாம். நானே ஒத்துக்கொண்டு பெருவிரல் வைத்துவிட்டேனாம். கேட்டில் என் சோற்றுப் பெட்டியைத் திறந்து கிண்டிப் பார்த்து, வேலையை விட்டே அனுப்பினார்கள். கோயில் கமிட்டியில் உண்டியல் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள்.

என் மனைவி பாலாம்பிகை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். “நெசமாவே எடுத்தீங்களா?”

முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள். இல்லையென்று சொன்னேன். “அப்ப அந்தக் கடுதாசில என்ன எழுதியிருந்துச்சு?” என்றாள். எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. ஆகஸ்டில் அவள் கண்ணை மூடிவிட்டாள். நம்பினாளா, நம்பாமல் போனாளா? தெரியாது.

என்ன எழுதியிருந்தது? அதை என் கண்ணால் வாசிக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பேனா.

பிப்ரவரி 8, சனி

வந்தான். என் வீட்டுக்கு, என் கதிரையில் உட்கார, ஸ்ரீதரனே வந்தான்! கையில் ஆப்பிள் பை, பிஸ்கட் டின். முன்பு ‘ஏய் பழனி’. இன்றைக்கு ‘பழனி அண்ணே’.

அந்த வருடத்துக் கணக்கை வரிக் கந்தோரில் கிளறுகிறார்களாம். களவு போயிருந்தால் பொலிசில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்களாம். கிழவன் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டோம் என்று சொல்லி வைத்திருக்கிறான். அப்படியென்றால் அந்த ஆளைக் கூட்டி வாருங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டாராம்.

“ஒண்ணும் பயப்படாதீங்கண்ணே. வந்து ஆமா என் விரல்தான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கேஸ் கீஸ் ஒண்ணும் வராது. செலவுக்கு நான் பாத்துக்கிறேன்.”

சொல்லிக்கொண்டே அந்தக் காகிதத்தின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தான். எனக்கு எதிரே, நேராக, எழுத்து என் பக்கம் பார்க்க. மாட்டின் முன்னால் வைத்தால் எப்படி வைப்பானோ அப்படி.

தமிழில்தான் எழுதியிருந்தது. வாசிக்கத் தொடங்கினேன். உதடு அசையக் கூடாது — அதுதான் கஷ்டம். நான் இரண்டு வரி முடிப்பதற்குள் அவன் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டான். கமலத்தைக் கூப்பிட்டு இன்னொன்று ஊற்றச் சொன்னேன். வேண்டாம் என்றான். விடவில்லை. மூன்றாவது கோப்பைக்கு நான் கடைசி வரிக்கு வந்துவிட்டேன்.

‘ஸ்டோரிலிருந்து தேயிலையைக் களவெடுத்து விற்றதை என் சுயவிருப்பத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.’ திகதி 28.03.2023. கீழே என் பெருவிரல். குறுக்கே தழும்பின் வெள்ளைக் கோடு.

என் விரலை வைத்தே என்னைக் கள்ளனாக்கியிருக்கிறான். ஆனாலும் — முழுதாக வாசித்துவிட்டேன்! வருகிறேன் ஐயா என்று சொல்லி, வாசல் வரை போய் வழியனுப்பினேன். அவன் கொண்டு வந்த ஆப்பிள் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கம்பனிக்குக் கள்ளன் ஒருவன் எதற்குத் தேவை என்று கேட்டேன். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டார். இந்தப் பக்கம் கம்பனியின் புத்தகம், அந்தப் பக்கம் வரிக் கணக்கு.

கம்பனி தன் புத்தகத்தில் வரவு செலவு எழுதி லாபம் இவ்வளவு என்று காட்டும். வரிக் கந்தோர் அதிலிருந்துதான் தொடங்கும். ஆனால் அப்படியே எடுக்காது. ஏற்க முடியாத செலவை லாபத்தோடு திரும்பக் கூட்டும், சட்டம் அனுமதிப்பதைக் கழிக்கும். கடைசியில் நிற்கும் தொகைக்குத்தான் வரி. தேயிலை களவு போனது என்று புத்தகத்தில் நட்டம் எழுதினால் லாபம் குறையும், வரியும் குறையும். ஆதாரம் இல்லையென்றால் அந்த நட்டம் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது.

“உங்கட பெருவிரல்தான் அந்த ஆதாரம்” என்றார். “தேயிலைய பில் போடாம வித்திருப்பாங்க. வித்த காசும் கணக்குல இல்ல, மேல நட்டமும் எழுதியாச்சு. ஒரே தேயிலைல ரெண்டு தரம் சம்பாதிச்சிருக்காங்க.”

மே மாதம் வைத்த விரலுக்கு மார்ச் திகதி எதற்கு என்றேன். வரி வருடம் மார்ச் 31இல் முடிகிறதாம். நட்டம் அந்த வருடத்துக்குள் விழ வேண்டுமானால் காகிதமும் அதற்கு முந்தியதாக இருக்க வேண்டும். ஆனால் மே மாதத்தில்தான் வைத்தேன் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்.

சாட்சியா? யார் இருக்கிறார்கள்? அவனும் நானும்தான்.

பிப்ரவரி 11

வாசித்துப் பழக வீட்டில் எதுவும் இல்லாமல், டின் பெட்டியிலிருந்து கண்டி ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியை எடுத்தேன். டொக்டர் எழுத்து என்னுடையதை விட மோசம். ஆனால் திகதி தெளிவாக இருக்கிறது. இடது பெருவிரல், மூன்று தையல், 20.04.2023.

ஏப்ரல்!

மார்ச்சில் வைத்த பெருவிரலில் ஏப்ரலின் தழும்பு எப்படி வந்தது, ஸ்ரீதரன் ஐயா?

பிப்ரவரி 12

யாரிடமும் சொல்லவில்லை. டீச்சரிடம் மட்டும். சோறு ருசியாக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

ஸ்ரீதரன் காரில் கூட்டிப் போனான். வரிக் கந்தோர் வாசலில் பெயர்ப்பலகையைக் காட்டி, அதில் என்ன போட்டிருக்கிறது ஐயா என்று கேட்டேன். வாசித்துச் சொன்னான். சரியாகத்தான் வாசித்தான்.

அதிகாரி ஒரு சிங்கள அம்மா. தமிழ் நன்றாகப் பேசினார். மூலக் காகிதத்தை என் முன்னால் வைத்து, இதில் இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவன் சொன்னான்: “அவருக்கு எழுத்து தெரியாது மேடம். நானே வாசிச்சுக் காட்டிடறேன்.”

நான் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன்.

“இருங்க ஐயா. நானே வாசிக்கிறேன்.”

வாசித்தேன். சத்தமாக. ஒவ்வொரு சொல்லாக. வேகமாகவும் வாசித்திருக்கலாம், வாசிக்கவில்லை. ‘களவெடுத்து’ என்ற சொல்லை இரண்டு முறை வாசித்து, சரிதானே ஐயா என்று அவனைக் கேட்டேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இரண்டு வருடப் பசிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல் இருந்தது.

பிறகு கிளினிக் கொப்பியை வைத்தேன். பக்கத்தில் பெருவிரலை வைத்தேன். அந்த அம்மா காகிதத்தைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். ஸ்ரீதரனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்ப இந்தத் தேயிலை எங்க போனது?”

என் வாக்குமூலத்தை நானே எழுதுவதாகச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம், ஒன்றரை மணித்தியாலம். முழு நேரமும் அவனை எதிரே உட்கார வைத்திருந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். பலகையை வாசித்து.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடியும் வந்தான். இந்தத் தடவை பை இல்லை. தழும்பு பழையதாகவும் இருக்கலாம், ஞாபகம் பிசகியிருக்கும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னான். முதலாளி எல்லாவற்றையும் தன் தலையில் கட்டுகிறாராம். அவர் சொல்லாமல் தான் ஒரு எழுத்தும் எழுதியதில்லையாம். பிள்ளை ஏ.எல். சோதனைக்குப் படிக்கிறதாம்.

எனக்கு இரக்கம் வந்ததா? தேடிப் பார்த்தேன். இல்லை. பாலாம்பிகை கேட்ட கேள்விதான் காதில் நின்றது.

“எனக்குத்தான் எழுத்து தெரியாதேய்யா” என்றேன்.

அவன் போன பிறகு கமலம், போதும்பா, பாவம் அந்த மனுசன் என்றாள். அவளிடம் பேசவில்லை. ராத்திரிச் சோறும் கேட்கவில்லை. கிழவனுக்கு ரோசத்தைப் பார்!

மே 11, ஞாயிறு

டீச்சர் விசாரித்து வந்தார். நட்டம் நிராகரிக்கப்பட்டது. அந்தத் தொகையை லாபத்தோடு திரும்பக் கூட்டிவிட்டார்கள். பில் இல்லாமல் விற்றதற்கும் வரி, மேலே தண்டம். ஸ்ரீதரனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முதலாளிக்குப் பணம்தான் போனது. அது எனக்குக் கொஞ்சம் குறைதான்.

டீச்சரும் நானும் கம்பனிக்குக் கடிதம் எழுதினோம். காசு கேட்கவில்லை. என்னைக் கள்ளன் என்றது தவறு என்று எழுத்தில் கேட்டோம். கையெழுத்து என்னுடையது.

ஜூன் 1, ஞாயிறு

வியாழக்கிழமை கம்பனி டிரைவர் கடிதம் கொண்டு வந்தான். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மை டப்பாவை நீட்டினான். மூடி வை தம்பி என்று சொல்லி, பேனாவைத் தேடி எடுத்து, முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். வெயிலில் நின்றான், பாவம்.

‘திரு. பழனியாண்டி மீது சுமத்தப்பட்ட களவுக் குற்றச்சாட்டு முற்றிலும் தவறானது.’

முதலில் பாலாம்பிகையின் படத்துக்கு முன்னால் வாசித்தேன். அந்தக் கடுதாசியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாயே, அதில் இருந்தது இது, இந்தக் கடுதாசியில் எழுதியிருப்பது இது என்று இரண்டையும் சொன்னேன்.

இப்போது எங்கள் வரிசையில் வீடு வீடாகப் போகிறேன். போட்டோ பிரதி எடுத்து ஒட்டிவிட்டால் ஒரு நாளில் முடிந்துவிடும் என்கிறாள் கமலம். ஒட்டினால் அவர்கள் வாசிப்பார்கள். நான் அல்லவா வாசிக்க வேண்டும்? நாற்பத்திரண்டு வீட்டில் முப்பத்தொன்று முடிந்தது. கோயில் கமிட்டித் தலைவர் வீட்டில் இரண்டு முறை வாசித்தேன். காது மந்தம் என்றார்.

மிச்சம் பதினொன்று. சனிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு ஒரு வீடு இருக்கிறது, பேராதனை வீதியில், பச்சைக் கேட் போட்ட வீடு. ஸ்ரீதரன் இப்போது பகலிலும் வீட்டில்தான் இருக்கிறானாம். ஞாயிறு காலை அங்கே போய் வாசலில் நின்று, மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல் வாசித்துவிட்டு வந்து, அடுத்த கிழமை இதே பக்கத்தின் கீழே எழுதுகிறேன். ஆறு வரி இடம் விட்டிருக்கிறேன்.